மூத்தாளின் இடப்பக்கம்

எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் வலது கெண்டைக்காலில் தழும்பு உண்டு. என் மாமியாருக்கு மூன்று, நாத்தனாருக்கு இரண்டு, எனக்கு ஒன்று. நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? எல்லாரும் கூட்டத்தில் தொலைந்துபோனால் அடையாளம் சொல்ல வசதி என்று நாத்தனார் சொல்வாள்.

சூடு போட்டது என் மாமனாரின் மோட்டார் சைக்கிள். அந்த மாதிரி வண்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீளமான டேங்க், அதன் ஓரத்தில் பதித்த மீட்டர், முன்விளக்குக்கு ஒரு கம்பி வலை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சைலன்சர். மற்ற வண்டிகளில் அது காலுக்குக் கீழே, தரையை ஒட்டிப் போகும். இதில் முழங்கால் உயரத்தில், இடது பக்கமாக, இருக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டு போகிறது. பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காரும் பெண்ணின் கெண்டைக்கால் எங்கே வருமோ, சரியாக அங்கே.

"எந்த மடையன் இத வரைஞ்சானோ, அவன் வீட்டுல பொம்பளைங்களே கிடையாது போல" என்று என் மாமியார் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டாத நாள் இல்லை. கல்யாணம் ஆன புதிதில் தொடங்கிய திட்டு. பேரன் பேத்தி எடுத்தும் ஓயவில்லை. வண்டிக்கு அவர் வைத்த பெயர் மூத்தாள். "எனக்கு முன்னாடியே இந்த மனுஷன் வாழ்க்கைக்கு வந்தவ. மரியாதை குடுக்கணும்ல" என்பார்.

மாமா வாலிபத்தில் அந்தக் கம்பெனியின் கிளைப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அவருடைய வேலைத்திறமையைப் பார்த்து மெச்சி, கண்காட்சிக்கென்று செய்த அபூர்வ வண்டியையே கம்பெனி பரிசாகத் தூக்கிக் கொடுத்துவிட்டது என்பது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான கதை. நான் மருமகளாக வந்த முதல் மாதமே கேட்டேன்: "ஒரு வெல்டருக்குப் போய் அத்தன பெரிய வண்டிய ஏன் மாமா குடுத்தாங்க? கடிகாரம் கொடுத்தாலே பெரிய விஷயமாச்சே?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். வண்டியின் காகிதங்களில் அதே கம்பெனியின் சாதாரண வண்டி என்றுதான் இருக்கிறது. கேட்டால், பதிவு ஆபீஸ்காரன் சோம்பேறி, எஞ்சின் நம்பரை மட்டும் பார்த்து எழுதிவிட்டான் என்பார். அவர் வண்டியை எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. கழுவக்கூட யாரையும் விடமாட்டார். என் சந்தேகம் அப்படியேதான் இருந்தது. சந்தேகப்படுவது என் தொழில் தோஷம். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நோயாளி "லேசான வலிதான்" என்று சொல்லும்போதே எலும்பு எங்கே முறிந்திருக்கும் என்று யோசிப்பவள்.

அந்த எக்ஸ்ரே படிப்பைக்கூட கல்யாணத்துக்குப் பிறகுதான் படித்தேன். "வீட்டு வேலைய நாங்க பாத்துக்கறோம், நீ படி" என்று சொன்னவர் மாமாதான். பரீட்சைக்குப் பரீட்சை மூத்தாளின் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனவரும் அவர்தான். என் தழும்பு அப்படி வந்தது. அதனால் அவருடைய புளுகை நான் ஒரு அளவுக்கு மேல் நோண்டவில்லை. மனுஷன் தங்கம். தங்கத்தில் கொஞ்சம் செம்பு கலந்தால்தானே நகை செய்ய முடியும்.

வினை வந்தது என் வீட்டுக்காரரால். அப்பாவின் வண்டியைப் பளபளவென்று படம் எடுத்து, பழைய வண்டிப் பிரியர்களின் இணையக் குழுவில் போட்டு, "உலகத்திலேயே அபூர்வம்" என்று பெருமையாக எழுதியும் வைத்தார். ஒரு வாரம் ஆகவில்லை, ஒரு வாகனக் காட்சியகத்தின் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். பேச்சில் தேன் சொட்டியது. சொன்ன விஷயத்தில் இடி இருந்தது.

அந்த ரகத்தில் மொத்தமே மூன்று வண்டிகள்தான் செய்தார்களாம். இரண்டு அவர்களுடைய காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றாவது, தலைமை ஆலையின் கிடங்கிலிருந்து திருடுபோய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை. "யாருக்கும் பரிசா கொடுத்ததா தகவல் இல்லைங்க. உங்க அப்பா கம்பெனியில எந்த வருஷம் வேலைய விட்டாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வெகுளியாகச் சொன்னார். திருட்டுப் போனதும் அதே வருஷம்தானாம்.

"சனிக்கிழமை வந்து பாக்கட்டுமா?" என்றார் அந்த அம்மா.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"அப்பா, அந்த வண்டி கம்பெனி கொடுத்ததுதானே?"

"ஆமா." சொல்லிவிட்டு மாமா மகனைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தார்.

"கொடுத்ததுக்கு ஏதாவது அத்தாட்சி?"

"கைய குலுக்கிக் கொடுத்தாங்க. அதுக்கு என்ன அத்தாட்சி?"

"யாரு குலுக்கினாங்க? பேரு சொல்லுங்கப்பா. அந்தம்மா கேப்பாங்க."

மாமா தண்ணீரைக் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். மாமியார் எழுந்து, "என் புருஷன் அடுத்தவன் ஊசியக் கூட எடுத்தது கிடையாது. அவரு வேலைய விட்டது எங்கப்பா இரும்புக் கடைய பாத்துக்க. ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அன்றுமுதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூத்தாள் என்று வாய் தவறியும் சொல்லவில்லை.

எங்கள் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் எங்கள் வீட்டில் எல்லாரும் வண்டி அசல் என்றார்கள்; நான் ஒருத்திதான் போலி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வண்டி அசல் என்றால் மாமா திருடர். போலி என்றால் அவர் வெறும் புளுகர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். இங்கே குரங்காய் முடியாதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். என் சந்தேகம் பலிக்க வேண்டுமே என்று என் வாழ்நாளில் அப்படித் தவித்ததில்லை. அவர் திருடர் என்று ஆகிவிட்டால், அந்த வண்டியில் போய் எழுதிய பரீட்சைகளை நினைத்துக்கூட என்னால் சந்தோஷப்பட முடியாது.

சனிக்கிழமை காலை அந்த அம்மா வந்தார். குட்டையான உருவம், கையுறை, சின்ன டார்ச், ஒரு காந்தத் துண்டு. காணாமல் போன பிள்ளையைப் பார்க்க வந்தவர் மாதிரி முகத்தில் அப்படி ஒரு ஆவல். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் மூத்தாள் நின்றிருந்தாள். மாமா துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்றார். மாமியார் கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், தட்டினார், காந்தத்தை வைத்தார்.

"எஞ்சின் சாதாரண மாடலோடது. ஆனா அசல் மூணுலயும் அதே எஞ்சின்தான் போட்டாங்க, அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். டார்ச்சை வண்டியின் இரும்புச் சட்டத்தில், ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துப் பக்கம் அடித்தார். "சட்டத்து நம்பர் இங்க இருக்கணும். அந்த இடத்துல வெல்டிங் அடிச்சிருக்கு."

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

அந்த அம்மா பையிலிருந்து காட்சியக வண்டியின் பெரிய படங்களை எடுத்து கொட்டகையில் இருந்த மேசையில் பரப்பினார். அதே டேங்க், அதே கம்பி வலை. ஆனால் சைலன்சர் வலது பக்கம் இருந்தது.

"இங்க பாருங்க, அசல்ல சைலன்சர் வலது பக்கம். இங்க இடது பக்கம் மாத்தியிருக்காங்க. திருட்டு வண்டிய அடையாளம் தெரியாம பண்ண இப்படித்தான் செய்வாங்க. நம்பர் மேல வெல்டிங், சைலன்சர் இடம் மாத்தல்..." சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. "ஐயா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

மாமா வாயைத் திறந்தார். மாமியாரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த துணியை மட்டும் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மாமியார் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கத்தமாட்டேன், உற்றுப் பார்ப்பேன். படங்களைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தேன். சைலன்சர் மட்டும் இல்லை, எங்கேயோ ஒரு நெருடல். டேங்க் மேல் மீட்டர் அசலில் வலது ஓரம், எங்களுடையதில் இடது ஓரம். பெட்ரோல் மூடி அசலில் இடது, எங்களுடையதில் வலது. ஹார்ன் மாறியிருந்தது. டூல் பாக்ஸ் மாறியிருந்தது. திருடினவன் சைலன்சரை மாற்றுவான், சரி. பெட்ரோல் மூடியைப் பெயர்த்து, ஓட்டையை அடைத்து, அடுத்த பக்கம் ஓட்டை போடுவானா? அவனுக்கு வேறு வேலை இல்லையா?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இது என் தொழிலில் முதல் பாடம். எக்ஸ்ரே ஃபிலிமை எந்தப் பக்கமாகவும் வெளிச்சத்தில் மாட்டலாம், படம் தெரியும். திருப்பி மாட்டினால் இடது கை வலது கையாகத் தெரியும். டாக்டர் நல்ல கையைப் பிடித்துக் கட்டுப் போட்டுவிடுவார். அதனால்தான் படம் எடுக்கும்போதே ஈயத்தில் செய்த ஒரு குட்டி எழுத்தை ஓரத்தில் வைக்கிறோம், இது இந்தப் பக்கம் என்று சொல்ல.

காட்சியகப் படத்தை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தேன். வெயிலுக்கு நேராகப் பிடித்து, முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். மெல்லிய தாள், வெளிச்சத்தில் உருவம் தெளிவாகத் தெரிந்தது. சைலன்சர் இடது பக்கம். மூடி வலது பக்கம். எங்கள் மூத்தாள், அச்சு அசலாக.

"இங்க வாங்கம்மா. இப்படிப் பாருங்க" என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் புருவம் மேலே போனது, இறங்கவே இல்லை.

நான் மாமாவிடம் திரும்பினேன்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. நீங்க இந்த வண்டியோட படத்த எந்தப் பக்கமா வெச்சுப் பாத்தீங்க?"

மாமா அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஃபிலிம்மா" என்றார் மெதுவாக. "விளம்பரத்துக்காகத் தலைமை ஆபீஸ்ல இருந்து வந்த கலர் ஃபிலிம். வேண்டாம்னு குப்பையில போட்டிருந்தாங்க. அசல் வண்டிய நான் கண்ணால பாத்ததே கிடையாது. அந்த ஃபிலிம ரூம் ஜன்னல் கண்ணாடியில ஒட்டி, வெளிச்சத்துல பாத்துப் பாத்து வரைஞ்சேன். பழைய இரும்புக் கடையில ஒரு உடைஞ்ச வண்டிய வாங்கி, ராவும் பகலுமா நானே செஞ்சேன்."

"டேங்க்ல பேரு ஏதாவது எழுதியிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றார் காட்சியக அம்மா. பிறகு அவரே, "இல்ல, இல்ல, இந்த மூணு வண்டிக்கும் பேரே எழுதல" என்று சொல்லிக்கொண்டார்.

"படம்னா படம்தான்னு நெனச்சேன். அதுக்கு முதுகு வயிறெல்லாம் உண்டுன்னு எனக்கு யாரு சொன்னாங்க?" என்றார் மாமா.

"அந்த நம்பர் இடத்துல வெல்டிங்?"

"ரெண்டு சட்டத்த வெட்டி ஒட்டினேன். ஒட்டு அங்கதான் வந்துச்சு. என்னம்மா செய்ய?"

அந்த அம்மாவின் முகத்தில் பாதி சந்தேகம் இன்னும் மிச்சம் இருந்தது. "ஐயா, நீங்க செஞ்சதுதான்னு எனக்குக் காட்ட முடியுமா?"

மாமா எழுந்தார். மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தார். அந்த வயதில், முதுகு வலியோடு, தரையில் மல்லாந்து படுத்து பின்பக்க மட்கார்டின் அடியில் பூசியிருந்த தார்ப் பூச்சைத் துணியால் தேய்க்க ஆரம்பித்தார். யாரையும் ஏன் கழுவ விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கறுப்பு கரையக் கரைய அடியில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளில் சிவப்பு எழுத்து தெரிந்தது. அந்த அம்மா குனிந்து டார்ச் அடித்து, வளைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இங்கே... வண்டி... நிறுத்தக் கூடாது."

அப்புறம் அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், கையுறையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"காத்துல விழுந்து கெடந்த பலகைம்மா. நல்ல தடிமனான தகரம்" என்று அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான் எடுத்தது அது ஒண்ணுதான். சத்தியமா."

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அப்பாவைத் தரையிலிருந்து தூக்கி, தாரும் மண்ணெண்ணெயுமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். நெஞ்சில் ஒரு வாரமாக ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. எங்கள் வண்டி போலி! பச்சைப் போலி! தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

காட்சியக அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேடி வந்த பிள்ளை கிடைக்கவில்லை என்ற ஏமாற்றம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் கிளம்பும் முன் இருக்கையை ஒரு தட்டு தட்டினார்.

"எங்ககிட்ட இருக்கிற ரெண்டும் ஓடாதுங்க. கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிக்குது. இது ஓடுதே! ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், தயவு செஞ்சு சைலன்சர வலது பக்கம் மாத்திடாதீங்க. அப்புறம் எவனாவது அசல்னு நெனச்சுப் போலீஸோட வந்து நிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் மாமியாரை நினைத்தோம். ஸ்டூலை விட்டு அவர் அசையவே இல்லை. மாமா அவர் எதிரில் போய், தப்புச் செய்த பிள்ளை மாதிரி நின்றார்.

"திருடன்னு பேரு வந்தாலும் வரட்டும், பொய் சொன்னது எனக்குத் தெரியக் கூடாது. அதானே?" என்றார் மாமியார்.

"வண்டியப் பாத்துதானே என்னக் கட்டிக்கிட்ட. அசல் இல்லன்னு தெரிஞ்சா..." என்று மாமா இழுத்தார்.

"ஒரு வாரமா எனக்குத் தொண்டையில சோறு இறங்கல. தெரியுமா? திருடன் பொண்டாட்டியா இத்தன வருஷம் நிமிந்து நடந்திருக்கேனேன்னு செத்துச் செத்துப் பொழச்சேன்."

மாமியார் விடவில்லை.

"எங்கப்பா எதுக்கு நம்ம கல்யாணத்துக்கு மூணு மாசம் இழுத்தடிச்சாருன்னு நெனக்கிறீங்க? 'பையன் பரிசா வாங்கின வண்டியில சுத்துறான், கையில வேலை இருக்கான்னு தெரியலயே'ன்னு யோசிச்சாரு. இரும்புக் கடைக்காரரு, இரும்புல வேலை செய்யத் தெரிஞ்ச மாப்பிள்ளையத்தான் தேடிட்டு இருந்தாரு. நானே செஞ்ச வண்டின்னு நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த வாரமே கூப்பிட்டுப் பொண்ணக் கொடுத்திருப்பாரு!"

மாமா அவ்வளவு காலம் பயந்து பயந்து காத்த பொய்க்கு ஒரு செல்லாக் காசு மதிப்புகூட இல்லை என்று தெரிந்ததும், அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு முகம்.

மாமியார் எழுந்தார். குனிந்து தன் கெண்டைக்காலின் தழும்புகளைத் தடவிப் பார்த்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"அய்யய்யோ! அந்தக் கம்பெனிக்காரன் சரியாத்தான் வெச்சிருக்கான்! வலது பக்கம் வெச்சா எங்க யாரு காலும் சுட்டிருக்காது. பாவி மனுஷா, இத்தன வருஷமா யாரோ ஒரு நல்லவன மடையன் மடையன்னு திட்டினேனே! அந்த மடையனுக்கு மூணு வேளையும் சோறு போட்டதே நான்தானா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமாவும் சிரித்துவிட்டார்.

"மாத்திடறேன். நாளைக்கே வலது பக்கம் மாத்திடறேன்" என்றார்.

"தொட்டீங்கன்னா தெரியும். போலீஸ் வரும்னு அந்தம்மா சொன்னது காதுல விழலையா? அது எப்படிப் பொறந்துச்சோ அப்படியே இருக்கட்டும். வண்டிய வெளிய எடுங்க. பசிக்குது எனக்கு, எங்கயாவது போய் வயிறாரச் சாப்பிடணும்."

மாமா வண்டியை வெளியே தள்ளி உதைத்தார். மூத்தாள் ஒரே உதையில் கிளம்பினாள். மாமியார் வழக்கமான பக்கம் போய் நின்று, சைலன்சரை ஒரு முறை முறைத்துப் பார்த்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். வலது பக்கமாக இரண்டு காலையும் தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

எதிர்க் கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "என்னம்மா, பக்கம் மாறி உக்காந்திருக்கீங்க!"

"நான் சரியாத்தான் உக்காந்திருக்கேன். இதுதான் பக்கம் மாறிப் பொறந்துடுச்சு!" என்று மாமியார் திருப்பிக் கத்தினார்.

மாமா சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. மாமியார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை இருவர் சிரிப்பும் வண்டிச் சத்தத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது.